வாலைத் தொடாத சட்டம்: போர்ஷே 911 மாறிய கதை

போர்ஷே 911-இன் பழைய படங்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரு இடத்தில் கண் நின்றுவிடும். 1973 மாடல் வரை பம்பர் என்று தனியாக ஒன்று இருப்பதே உறைக்காது. உடம்பின் வளைவோடு வளைவாக ஒட்டிக் கிடக்கும். 1974 மாடலில் அது உடம்பை விட்டு விலகி வெளியே வந்து நிற்கிறது. பம்பரின் இரண்டு ஓரங்களிலும் ஆர்மோனியப் பெட்டித் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாகக் கறுப்பு ரப்பர். அந்தத் துருத்தியை வைத்தே இந்தத் தலைமுறைக் காரை நூறு அடி தூரத்திலிருந்து அடையாளம் சொல்லிவிடலாம்.

போர்ஷேயின் ஜெர்மன் ஊரான ஸ்டுட்கார்ட்டில் யாரும் அதை ஆசைப்பட்டு வரையவில்லை. வாஷிங்டனில் எழுதப்பட்ட ஒரு விதி வரைய வைத்தது. 911-க்கு அமெரிக்காதான் முக்கியமான சந்தை. அங்கே விற்க முடியாவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

பாதுகாப்புச் சட்டங்கள் இந்தக் காரை எப்படி மாற்றின என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பம்பரில் தொடங்கி ஏர்பேக்கில் முடிப்பார்கள். எனக்கு வேறு ஒரு கேள்வி. இந்தக் காரில் உண்மையிலேயே ஆளைக் கொல்லக்கூடிய சங்கதி ஒன்று இருந்தது. அதைச் சட்டம் எப்போது தொட்டது?

பின்பாரம்

1963 செப்டம்பரில் பிராங்ஃபர்ட் கண்காட்சிக்கு இந்தக் கார் வந்தபோது அதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் பிரான்சில் எங்களுக்கே சொந்தம் என்று பெஜோ நிறுவனம் ஆட்சேபித்ததால் 1964-இல் 911 ஆனது. ஃபெர்டினான்ட் அலெக்ஸாண்டர் போர்ஷே வரைந்த உடம்பு. காற்றால் குளிரும் 2 லிட்டர், 6 சிலிண்டர் இன்ஜின், 130 குதிரைத்திறன். அந்த இன்ஜின் இருந்த இடம்தான் விஷயம்: பின் அச்சுக்கும் பின்னால்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. 911 பின்பாரம் ஏறிய வண்டி. நேர்ச்சாலையில் அது நல்லது. பின் டயர்கள் தரையைக் கவ்விப் பிடித்து உந்தும். வளைவில்தான் வினை. ஒரு வளைவில் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயம் வருகிறது. பயம் வந்தால் எந்த மனிதனும் செய்வது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. எடுத்த மாத்திரத்தில் காரின் பளு முன்பக்கம் சாய்கிறது, பின் டயர்களின் பிடி தளர்கிறது, இன்ஜின் இருக்கும் கனத்த வால் வெளியே வீசுகிறது. அடுத்த நொடி காரின் மூக்கு வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பழகியவர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே போனபின் காலை எடுக்காமல் ஓட்டினார்கள். பழகாதவர்கள் சாலையோர மரங்களைச் சந்தித்தார்கள்.

நிறுவனத்துக்கு இது நன்றாகவே தெரியும். ஆரம்ப ஆண்டுகளில் முன் பம்பரின் இரண்டு முனைகளுக்குள்ளும் தலைக்கு 11 கிலோ வார்ப்பிரும்பு வைத்து அனுப்பினார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. பின்பாரத்துக்கு முன்னால் கல் கட்டுகிற அதே வைத்தியம்தான். அப்புறம் 1969 மாடலில் உருப்படியாக ஒன்று செய்தார்கள்: இன்ஜினை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினார்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம் 2211 மில்லிமீட்டரிலிருந்து 2268 ஆனது. ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கார் வளைவில் நடந்துகொள்ளும் விதம் தெளிவாக மாறியது. இதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

அமெரிக்கச் சட்டம்

1965-இல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் அமெரிக்கக் கார் கம்பெனிகளைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு புத்தகம் எழுதினார். முதல் அத்தியாயத்தில் அவர் எடுத்துக்கொண்டது செவர்லே கோர்வேர். கோர்வேரின் இன்ஜின் எங்கே? பின்னால். எத்தனை சிலிண்டர்? ஆறு, இருபுறமும் படுத்த வாக்கில். எப்படிக் குளிரும்? காற்றால். 911-க்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்றே சொல்லலாம், பின் சஸ்பென்ஷன் மட்டும் வேறு மாதிரி. வளைவில் வால் வீசி உருளும் கார் என்பதுதான் நேடரின் குற்றச்சாட்டு.

அந்தக் கோபம் சட்டமாக முடிந்தது. 1966 செப்டம்பர் 9 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். அதன்கீழ் எழுதப்பட்ட முதல் தொகுதி விதிகள் 1968 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தன. அவை கேட்டது என்ன? ஒரு குழாய் ஒழுகினாலும் மிச்சம் பிடிக்கும்படி இரட்டைச் சுற்றுப் பிரேக். மோதும்போது ஓட்டுநரின் நெஞ்சைக் குத்தாத ஸ்டியரிங் தண்டு. குத்திக் கிழிக்காத டேஷ்போர்டு, மழுங்கிய குமிழ்கள். சீட் பெல்ட். பக்கவாட்டில் ஒளிரும் அடையாளம். வெயில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்பதற்காகப் பளபளப்பில்லாத வைப்பர் கை. பளிச்சென்றிருந்த 911-இன் வைப்பர்கள் கறுத்துப்போனது அப்போதுதான்.

ஸ்டியரிங் விஷயத்தில் 911-க்கு அதிர்ஷ்டம். அதன் ஸ்டியரிங் பெட்டி காரின் நடுவில் இருந்தது. ஓட்டுநரின் கையிலிருந்து அதுவரை போகும் தண்டு இரண்டு மூட்டுகளோடு கோணலாக வளைந்து போனது. மோதினால் ஈட்டி மாதிரி நேராக உள்ளே வராமல் மடங்கும். சட்டம் வருவதற்கு முன்பே இருந்த அமைப்பு இது.

ஹெட்லைட்டில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்காவில் 1940 முதலே கண்ணாடியும் இழையும் ஒன்றாக மூடிய குறிப்பிட்ட அளவு விளக்குகள்தான் அனுமதி. 1968 விதிகள் அதற்கு மேலே கண்ணாடி மூடியும் கூடாது என்றன. மட்கார்டின் சரிவோடு அழகாகச் சாய்ந்திருந்த ஐரோப்பிய விளக்குக்குப் பதில், குழிக்குள் செங்குத்தாக நிற்கும் வட்ட விளக்கு வந்தது. கடைக்காரர் சர்க்கரை அள்ளும் கரண்டி போல இருக்கிறது என்று அமெரிக்கர்களே அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

பட்டியலைத் திரும்பப் பாருங்கள். கார் வளைவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. வால் வீசும் ஒரு காரைப் பற்றிய கோபத்தில் பிறந்த சட்டம், வாலைப் பற்றி வாயே திறக்கவில்லை. காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. பெல்ட் எவ்வளவு இழுவை தாங்கும், விளக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்றெல்லாம் ஆய்வுக்கூடத்தில் அளந்துவிடலாம். பயந்துபோன ஒருவன் ஈரச்சாலை வளைவில் காலை எடுக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு அளவுகோல் அன்று யாரிடமும் இல்லை. 1972-இல் அமெரிக்க அரசின் சோதனை அறிக்கையே கோர்வேர் தன் காலத்து மற்ற கார்களைவிட மோசமில்லை என்றது. அதற்குள் கோர்வேர் உற்பத்தி நின்று மூன்றாண்டு ஆகிவிட்டிருந்தது.

வராத சட்டத்துக்கு ஒரு வளையம்

இதற்கு நடுவே இன்னொரு பயம். கூரையில்லாத கார்களை அமெரிக்கா தடை செய்துவிடும், உருண்டால் தலையைக் காக்க ஒன்றுமில்லை என்ற பேச்சு அடிபட்டது. முந்தைய 356 மாடலில் திறந்த கார் நன்றாக விற்றிருந்ததால் 911-இலும் ஒன்று வேண்டும் என்ற நெருக்கடி போர்ஷேக்கு.

அவர்கள் செய்தது புத்திசாலித்தனம். 1965-இல் பிராங்ஃபர்ட்டில் காட்டிய 911 டார்காவில், இருக்கைகளுக்குப் பின்னால் சுமார் 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு நிலையான உருக்கு வளையம் குறுக்கே நின்றது. வளையத்துக்கு முன்னாலிருக்கும் கூரைப்பலகையைக் கழற்றிவிடலாம். பின்னால் ஜிப் வைத்த மெல்லிய பிளாஸ்டிக் ஜன்னல். கார் உருண்டால் வளையம் தாங்கும். சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்திலிருந்து பெயர்; இத்தாலியில் அந்தச் சொல்லுக்குப் பலகை, கேடயம் என்ற பொருளும் உண்டு. பாதுகாப்பான திறந்த கார் என்று சொல்லியே விற்றார்கள். வளையத்தை உடம்பு நிறத்தில் ஒளித்துவைக்காமல், தேய்த்த வெள்ளிநிறத்தில் பளிச்சென்று காட்டியது எனக்குப் பிடித்த விஷயம். கட்டாயத்தால் வந்ததை நகையாக்கிவிட்டார்கள்.

தடை கடைசிவரை வரவேயில்லை. 1981-இல் முழுக்கத் திறந்த 911-ஐக் கண்காட்சியில் வைத்து, அடுத்த ஆண்டு விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள். அதற்குள் டார்கா தனக்கென்று ஒரு கூட்டத்தைச் சேர்த்துவிட்டதால் அதை நிறுத்தவும் மனமில்லை.

எட்டு கிலோமீட்டர் வேகம்

இப்போது துருத்திக்கு வருவோம்.

அமெரிக்காவின் 215-ஆம் எண் விதி 1973 மாடல் கார்களிலிருந்து தொடங்கியது. மணிக்கு 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் சுவரில் முட்டினாலும் விளக்குகளும் மற்ற பாதுகாப்புச் சாதனங்களும் கெடக்கூடாது. பின்பக்கத்துக்கு முதல் ஆண்டு இரண்டரை மைல். 1974 மாடலில் அதுவும் 5 மைல் ஆனது. கூடவே ஊசல் சோதனை: தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள் எங்கே கனமான ஊசல் வந்து இடித்தாலும் பம்பர் தாங்க வேண்டும்.

8 கிலோமீட்டர் என்பது சைக்கிளை மெதுவாக மிதிக்கும் வேகம். அந்த வேகத்தில் முட்டி யாரும் சாவதில்லை. விளக்கும் கிரில்லும் உடைந்து, பழுதுபார்க்கும் செலவு இன்ஷூரன்ஸ் கம்பெனி தலையில் விழும். பாதுகாப்பு விதி என்ற பெயரில் வந்தாலும் உயிரைவிடப் பணப்பையை அதிகம் காத்த விதி என்பது என் எண்ணம். ஆனால் ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களின் முகத்தை இதைவிட அதிகமாக மாற்றிய விதி வேறில்லை.

மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் போர்ஷேயின் வேலை புரியும். பிரிட்டனின் எம்.ஜி.பி. கார் குரோமியம் மின்னிய முகத்தில் பெரிய கறுப்பு ரப்பர் மூக்கை மாட்டிக்கொண்டது. உயர விதிக்காகக் காரையே தூக்கி நிறுத்தினார்கள். வளைவில் ஆடத் தொடங்கியது. மெர்சிடஸ் தன் எஸ்.எல். காருக்கு அமெரிக்காவுக்கென்று தனியாக நீண்ட பம்பர்களை ஒட்டியது. பக்கத்திலிருந்து பார்த்தால் டிராயரைத் திறந்துவிட்டு மூட மறந்தது போல இருக்கும்.

போர்ஷேயில் அப்போது வடிவமைப்புத் தலைவர் அனடோல் லாபின். அவர் குழு எடுத்த முடிவு எளிமையானது: அமெரிக்காவுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று இரண்டு முகம் வேண்டாம்; எல்லா நாட்டுக்கும் ஒரே பம்பர். அப்படியானால் அதை ஒட்டுவேலையாகச் செய்ய முடியாது, முகத்தையே அதற்கேற்ப வரைய வேண்டும். பம்பர் உத்தரத்தை அலுமினியத்தில் செய்து உடம்பின் நிறமே பூசினார்கள். அதனால் எடை பெரிதாக ஏறவில்லை. அமெரிக்கக் கார்களில் உத்தரத்துக்குப் பின்னால் ஷாக் அப்சார்பர் போன்ற நீரழுத்தத் தண்டுகள். இடித்தால் பம்பர் பின்னால் போய்த் திரும்பவும் வெளியே வரும். பின்னால் போக இடம் வேண்டுமே? அந்த இடைவெளியை மூடத்தான் துருத்தி. இடி விழும்போது ரப்பர் மடியும், பம்பர் திரும்பி வந்ததும் விரியும். அசையும் இடத்தை மறைக்காமல் அசையும் இடம் என்றே காட்டிய வடிவம் அது.

இதில் ஒரு சின்ன வேடிக்கை. ஐரோப்பாவில் விற்ற கார்களில் பலவற்றுக்கு அந்தத் தண்டுகள் கிடையாது. ஒருமுறை நசுங்கினால் மாற்ற வேண்டிய குழாய்கள்தான் உள்ளே. அமெரிக்காக்காரனுக்குச் சட்டம் வாங்கிக்கொடுத்ததை ஜெர்மனிக்காரன் கூடுதல் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. வெளியே மட்டும் இருவருக்கும் ஒரே துருத்தி.

உயர விதி 911-ஐயும் விடவில்லை. ஊசல் இடிக்கும் உயரத்துக்குப் பம்பர் வர வேண்டும் என்பதால் அமெரிக்கக் கார்கள் ஐரோப்பியக் கார்களைவிட உயரமாக நின்றன. ஸ்போர்ட்ஸ் காரை உயர்த்தினால் வளைவில் அதன் நிதானம் குறையும். பின்பாரம் ஏறிய காரில் கேட்கவே வேண்டாம். பாதுகாப்புக்காக எழுதிய விதி, உண்மையான ஆபத்து இருந்த திசையில் காரை ஓர் எட்டுத் தள்ளிவிட்டது. இன்றும் அமெரிக்காவில் பழைய 911 வாங்குகிறவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, அதை ஐரோப்பிய உயரத்துக்கு இறக்குவது.

காரின் நீளம் 4163 மில்லிமீட்டரிலிருந்து 4291 ஆனது. தலைவைக்கும் பகுதியோடு சேர்ந்த உயரமான இருக்கை, தானாகச் சுருளும் மூன்று முனை பெல்ட் எல்லாம் அதே 1974 மாடலில் வந்தவை. இந்தத் தலைமுறை 1989 வரை ஓடியது. மொத்தம் 1,98,496 கார்கள். பம்பர் விதி 1983 மாடலிலிருந்து இரண்டரை மைலாகத் தளர்ந்தது. துருத்தி அதற்குப் பிறகும் ஆறாண்டு இருந்தது.

அதே காலத்தில் வாலுக்கும் ஒரு விதி வந்தது, ஒருவகையில். 1972 அக்டோபரில் வந்த கரேரா ஆர்.எஸ். 2.7 என்ற 911 வகையின் பின்மூடியில் வாத்துவால் போல ஒரு மேடு வைத்திருந்தார்கள். அதிவேகத்தில் பின்பக்கம் தூக்கிக்கொள்ளாமல் அழுத்திப் பிடிப்பதற்கு. உண்மையான ஆபத்துக்கு உண்மையான மருந்து. ஜெர்மனியில் எழுந்த ஆட்சேபம் அதன் விளிம்பைப் பற்றியது: கூராக இருக்கிறது, நடந்து போகிறவர் மேல் பட்டால் காயமாகும். அடுத்து வந்த அகலமான வால் சுற்றிலும் ரப்பர் விளிம்போடு வந்தது. அதிகாரிகள் வாலைப் பார்த்த ஒரே தடவையும் விளிம்பைத்தான் பார்த்தார்கள்.

இரண்டு சில்லறை விஷயங்களைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1974 மாடலில் பெல்ட் மாட்டாவிட்டால் இன்ஜின் கிளம்பாது என்று ஒரு விதி போட்டார்கள். பக்கத்து இருக்கையில் கனமான பை வைத்தாலும் அதற்கும் பெல்ட் கேட்கும். ஜனங்கள் கொதித்துப்போய், அந்த ஆண்டு அக்டோபரிலேயே நாடாளுமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. 1980 மாடலில் ஸ்பீடோமீட்டர் 85 மைலோடு முடிய வேண்டும் என்றார்கள். மணிக்கு 200 கிலோமீட்டரை அலட்டாமல் தாண்டும் 911 எஸ்.சி.-யின் மானி 137 கிலோமீட்டரோடு எண் தீர்ந்து நின்றது. முள் மட்டும் எண்ணில்லாத வெற்றிடத்தில் போய்க்கொண்டிருக்கும். அதுவும் சில ஆண்டில் போனது.

சுவர் வரை நீண்ட கோடு

சட்டத்துக்குப் பயந்து 911-ஐக் கைகழுவ நிறுவனமே தயாராக இருந்தது என்பதுதான் இதில் பலருக்கும் தெரியாத பக்கம். 1972-இல் தலைமைக்கு வந்த எர்ன்ஸ்ட் ஃபூர்மன், பின்பக்க இன்ஜினும் காற்றுக் குளிர்ச்சியும் அமெரிக்க விதிகளைத் தாண்டாது என்று நம்பினார். பாதுகாப்பு, சத்தம், புகை மூன்றும் சேர்ந்து 911-ஐ முடித்துவிடும் என்று கணக்குப் போட்டார். அதற்கு மாற்றாக வந்ததுதான் 928: இன்ஜின் முன்னால், 8 சிலிண்டர், நீரால் குளிர்வது, பம்பர் வெளியே தெரியாமல் வளையும் பிளாஸ்டிக் தோலுக்குள். 1977-இல் ஜெனிவாவில் அறிமுகமாகி, 1978-க்கு ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டமும் வாங்கியது. விதிகளை முன்வைத்து யோசித்தால் வரக்கூடிய கார் 928-தான். அதில் தப்பே சொல்ல முடியாது. வாங்குகிறவர்கள் என்னவோ 911-ஐயே கேட்டார்கள்.

1981 ஜனவரியில் பீட்டர் ஷுட்ஸ் தலைமைக்கு வந்தார். அவரே பின்னாளில் சொன்ன கதை இது. பொறியியல் தலைவர் ஹெல்முத் போட்டின் அறைச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. 928-க்கும் 944 என்ற இன்னொரு போர்ஷே மாடலுக்கும் கோடுகள் ஆண்டுகளைத் தாண்டி நீண்டுகொண்டே போயின. 911-இன் கோடு 1981 இறுதியில் நின்றுவிட்டது. ஷுட்ஸ் ஒரு மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டை நீட்டினார். காகிதம் முடிந்தது, சுவரில் இழுத்தார், சுவரும் முடிந்து கதவைத் தாண்டிப் போனார். போட் புரிந்துகொண்டார். 928 1995-இல் நின்றது. 911 2017 மே மாதம் பத்து லட்சமாவது காரைத் தொட்டது.

கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள்

1989-க்குப் பிறகு சட்டங்கள் வெளித்தோற்றத்தைவிட உள்ளேதான் அதிகம் வேலை செய்தன. 964 என்று அழைக்கப்படும் தலைமுறையில் துருத்தி மறைந்து, பம்பர் திரும்பவும் உடம்போடு கலந்தது. சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். பிரேக் எல்லாக் கார்களிலும் வந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் தானாக எழும் வால் வந்தது. பெல்ட்டை ஆள் மாட்டாமலே காக்கும் ஏற்பாடு வேண்டும் என்ற அமெரிக்க விதி 1990 மாடலில் முழுமையாக அமலானபோது, அங்கே விற்ற 911-களில் இருவருக்கும் ஏர்பேக் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரரின் ஏர்பேக் கிளவ் பாக்ஸ் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கையுறை வைக்க இடமில்லை என்று அந்நாளில் முணுமுணுத்தவர்கள் உண்டு. 1991 பிப்ரவரியிலிருந்து ஜெர்மனியிலும் இடதுபக்க ஸ்டியரிங் கார்கள் எல்லாவற்றிலும் ஏர்பேக்கைக் கட்டாயமில்லாமலே பொருத்தினார்கள். எடை? 1960-களில் 1080 கிலோவாக இருந்த கார், 964 கரேரா 2-வில் 1350 கிலோ. எல்லாம் பாதுகாப்பால் வந்த எடை இல்லை. ஏசி, மின்சார இருக்கை எல்லாமும் சேர்ந்துதான்.

வால் விஷயத்தில் சொந்த வைத்தியமே தொடர்ந்தது. 1993-இல் வந்த தலைமுறையில் பின் அச்சைப் பல இணைப்புக் கம்பிகளோடு புதிதாக அமைத்தார்கள். காலை எடுத்தால் வால் வீசும் குணம் பெருமளவு அடங்கியது. 1998-இல் கரேரா 4 காரோடு மின்னணு நிலைப்பாட்டு அமைப்பு வந்தது. கார் போகும் திசையையும் ஸ்டியரிங் திரும்பியிருக்கும் கோணத்தையும் ஒப்பிட்டு, வால் நழுவத் தொடங்கும் கணத்தில் வேண்டிய சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும் ஏற்பாடு. பயந்துபோன மனிதன் செய்யும் தப்பை எந்திரம் திருத்துகிறது.

அமெரிக்காவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் இந்த அமைப்பைக் கட்டாயமாக்கிய 126-ஆம் எண் விதி முழுமையாக அமலானது 2011 செப்டம்பரில். அளவுகோலும் அப்போதுதான் கிடைத்திருந்தது: ஓர் எந்திரக் கை ஸ்டியரிங்கைக் குறித்த வேகத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும், கார் சுழலாமல் நேராக வேண்டும். நேடரின் புத்தகம் வெளிவந்து 46 ஆண்டு. 911-இன் முன் பம்பருக்குள் வார்ப்பிரும்பு வைத்த பொறியாளர்களில் பலர் அதற்குள் ஓய்வுபெற்றுப் போயிருப்பார்கள்.

2014-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் புதிய டார்கா ஒன்றைக் காட்டினார்கள். நடுவில் சில தலைமுறைகளில் டார்கா என்ற பெயரில் நழுவும் கண்ணாடிக் கூரைதான் இருந்தது. இந்த முறை பழைய வெள்ளிநிற வளையம் திரும்பியிருந்தது, பக்கவாட்டில் பெயர் எழுதியபடி. பொத்தானை அழுத்தினால் பின்கண்ணாடி முழுதாக எழுந்து பின்னால் போகிறது. கூரை மடிந்து அதற்கடியில் ஒளிகிறது. கண்ணாடி திரும்ப வந்து அமர்கிறது. சுமார் 20 நொடி, கார் நிற்கும்போது மட்டும். அவ்வளவு மோட்டார்களும் வேலை செய்யும்போது வளையம் மட்டும் அசையாமல் 1965-இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.